லிவர் கட்டியை சுட்டு மூணு வாரம் ஆச்சு, இப்ப குளிர்காய்ச்சல். டைபாய்டா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு. லிவர்ல இருந்த கேன்சர் கட்டியை மைக்ரோவேவ் ஊசி விட்டு சுட்டாங்க. மூணு வாரம் நல்லா இருந்தார், ரெண்டு நாளா நடுக்கத்தோட காய்ச்சல். பக்கத்து டாக்டர் டைபாய்டுன்னு மாத்திரை குடுத்திருக்கார். போதுமா?

பதில்: போதாதுங்க. இன்னைக்கே சுட்ட ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க.

சுட்ட முதல் வாரம், சில பேருக்கு பத்து நாள் வரைக்கும் லேசா காய்ச்சல், அசதி எல்லாம் சகஜம், வெந்துபோன சதையை உடம்பு கரைக்குது, தானா அடங்கிடும். அடங்கினப்புறம் நடுக்கத்தோட திரும்ப வந்தா கதையே வேற. செத்த சதைக்குள்ள கிருமி புகுந்து சீழ் கட்டியிருக்கலாம். அபூர்வம்தான், ஆனா சுகர்காரங்களுக்கு வாய்ப்பு கூட.

டைபாய்டுக்குன்னு எடுக்கிற இந்த வைடால் ரத்த டெஸ்ட்டை எப்பதான் விடுவாங்களோ தெரியல. நம்ம ஊர்ல டைபாய்டு இல்லாதவங்களுக்கே பாசிட்டிவ் காட்டும், அதைப் பார்த்து ஆன்டிபயாடிக்கை ஆரம்பிச்சுட்டா அப்புறம் பிளட் கல்ச்சர்ல (ரத்தத்துல இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) கிருமி சிக்காம போகலாம். காய்ச்சலை அமுக்க டைக்ளோ (டைக்ளோஃபெனாக், வலி மருந்து) ஊசி வேற. சிரோசிஸ் (தழும்பேறி சுருங்கின) லிவர்னா அது கிட்னியை அடிச்சுடும், வேண்டவே வேண்டாம். பாராசிட்டமாலும் ஒரு நாளைக்கு 2 கிராம் தாண்டக்கூடாது.

அப்பாவுக்கு முன்னாடி பித்தக்குழாய்ல ஸ்டென்ட் (அடைப்பு வராம வைக்கிற சின்ன டியூப்) வச்சிருக்காங்களா, குழாயை குடலோட இணைச்சு ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா? அப்படின்னா போனதுமே முதல்ல அதைச் சொல்லுங்க. குழாய் முனையில இருக்கிற வால்வு வேலை செய்யாததால குடல் கிருமி மேலேறி அங்கயே குடியிருக்கும், இவங்களுக்கு சீழ் பிடிக்கிற வாய்ப்பு பல மடங்கு. கல்லுக்காக பித்தப்பையை மட்டும் எடுத்திருந்தா இதுல சேராது, குழப்பிக்காதீங்க. ஆனா அப்ப வாய் வழியா டியூப் விட்டு, வால்வை வெட்டி, குழாய்ல இருந்த கல்லை எடுத்திருந்தா சேரும். டிஸ்சார்ஜ் சம்மரியில இதையெல்லாம் யாரும் எழுதறதில்ல, ‘ஒரு மாசம் கழிச்சு வரவும்’னு ஒரு வரி, முடிஞ்சது.

ஆஸ்பத்திரி கேட்டுல நிக்கிற ஆளு ‘ஸ்கேன் பாதி ரேட்டு’ன்னு வேற சென்டருக்கு இழுப்பான், போகாதீங்க, கமிஷன். பழைய ஸ்கேனோட ஒப்பிடாம எழுதின ரிப்போர்ட்டை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. சுட்ட இடத்துல ஆரம்பத்துல காத்துக்குமிழ் தெரியறது சாதாரணம், இப்பவும் இருக்கா, கூடியிருக்காங்கறதுதான் கேள்வி. அதனால பழைய ஸ்கேன் படம் இருக்கிற சிடி டிஸ்க்கையே கேட்டு வாங்குங்க, பேப்பர் பத்தாது.

சீழ்தான்னா பெரும்பாலும் வயித்தைக் கிழிக்க வேண்டியதில்ல, ஸ்கேன்ல பார்த்தே சின்ன டியூப் வச்சு வடிச்சு, சில வாரம் ஆன்டிபயாடிக் குடுப்பாங்க.