கோவில் தோட்டத்துல பூ இருக்கு, வண்டு வரல, என்ன செய்ய?

கேள்வி: சாத்தான்குளம் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் பிகேஎம்-1 ரக முருங்கை, கொஞ்சம் கத்தரி. ஒட்டுனாப்ல எங்க கோவில் (சர்ச்) காம்பவுண்டு. வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க தேனீ வரட்டும்னு குரோட்டன்ஸ், அடுக்குச் செம்பருத்தி, காகிதப்பூ வச்சாங்க, ஒண்ணும் வரல. இப்ப நாட்டுச்செடி வைக்கலாம்ங்கறாங்க. எத வைக்க? தேன்பெட்டி வாங்கணுமா?

பதில்: அண்ணாச்சி, பிள்ளைங்க மனசு நல்ல மனசு, செடிதான் தப்பு. அடுக்குச் செம்பருத்தில மகரந்தம் இருக்க வேண்டிய இடமெல்லாம் இதழா மாறிப்போயிருக்கும், காகிதப்பூல நாம கலர்னு பாக்குறது பூவே இல்ல, நடுவுல வெள்ளையா குச்சி மாதிரி நிக்குதே அதுதான் பூ. அப்புறம் வண்டு எதுக்கு வரும்?

முதல்ல ஆவாரை வைங்க, அதத்தான் நான் அழுத்திச் சொல்வேன். காலைல போய் ஆவாரம்பூ பக்கத்துல நின்னு பாருங்க, பெரிய கருவண்டு (பேருதான் வண்டு, அதுவும் தேனீ வகைதான்) பூவப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு உர்ர்ருன்னு உடம்ப அதிரவைக்கும், மகரந்தப்பை நுனில இருக்கிற ஓட்டை வழியா பொடி பீச்சி அதோட வயித்துல அப்பும். உங்க கத்தரிப்பூவும் அதே மாதிரி அதிர்வுலதான் மகரந்தம் விடும், பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. முருங்கைக்கும் இந்தக் கருவண்டுதான் முக்கியமான ஆளு. அதனால பெட்டிக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி, காஞ்ச மரக்கட்டை நாலு, மூங்கில் கழி கொஞ்சம் மழை படாத மூலைல போட்டு வைங்க, வண்டு அதத் தொளச்சுத்தான் கூடு கட்டும்.

ஆவாரை விதைய லேசா கல்லுல உரசி ராத்திரி ஊறவச்சு ஐப்பசி மழைக்கு ஊனுங்க. வேலியோரம் நொச்சிக்குச்சி, நிழலுக்கு ஒரு புங்கை, அது போதும். தும்பைய நடவே வேண்டாம், மழை பெஞ்சா தானா வரும், நீங்க புடுங்காம இருந்தாச் சரி. எருக்குல வரிவரியா புழு இருந்தா பயந்து மருந்து அடிச்சிராதீங்க, அது பட்டாம்பூச்சி ஆகுறது.

அசனம் (கோவில் விருந்து) வருது காம்பவுண்ட கிளீன் பண்ணுவோம்னு களைக்கொல்லி அடிக்கிறதும், முழுசா பேவர் பிளாக் போடுறதும் வேண்டவே வேண்டாம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, நீலவரித் தேனீயெல்லாம் வெறும் மண்ணுலதான் குழி தோண்டி முட்ட வைக்கும், கல்லறைத் தோட்டத்து ஓரத்துல கொஞ்சம் செம்மண்ண அப்படியே விடுங்க.

உங்க பங்குக்கு, முருங்கை பூத்திருக்கும்போது முடிஞ்ச மட்டும் மருந்து அடிக்காதீங்க, அடிச்சே ஆகணும்னா சாயங்காலம் வண்டு அடங்குனதுக்கு அப்புறம். தண்ணியும் அளவாப் பாய்ச்சுங்க, கூடிப்போனா பூ உதிரும், அப்ப வண்டு வந்தும் பிரயோஜனமில்ல.