வேலையை விட்டுவிட்டு டேட்டா பக்கம் போகலாமா?

கேள்வி: வயது 38. ஒரு தொழிற்சாலையில் 14 வருடமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். டேட்டா அனலிஸ்ட் (எண் விவரங்களை அலசி முடிவு சொல்பவர்) ஆக ஆசை. ஆறு மாத முழுநேரப் படிப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், வேலையை விட்டால்தான் சேர முடியும். சம்பளத்தில் 30 சதவீதம் வீட்டுக் கடன் தவணைக்கும், 55 குடும்பச் செலவுக்கும் போகிறது, 15 மிஞ்சுகிறது. ஐந்து மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கிறது. கட்டணத்துக்கு ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கலாமா? மனைவி வேலையை விடவே கூடாது என்கிறார்.

பதில்: உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. துறை மாறுங்கள், ஆனால் வேலையை இப்போது விடாதீர்கள்.

கட்டணத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறீர்கள். அதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அதற்கு யாரும் ரசீது தரமாட்டார்கள். இப்போதைய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். படிப்பு ஆறு மாதம், அதன் பிறகு வேலை தேட நான்கு மாதம் (இது சுமாரான கணக்குதான், கூடவும் ஆகலாம்), ஆக பத்து மாதத்துக்கு, தவணையும் வீட்டுச் செலவும் சேர்த்து மாதம் 85 வீதம் 850 வேண்டும். புதிய துறையில் நீங்கள் ஜூனியர், சம்பளம் 75-தான் கிடைக்கிறது என்றால் மாதம் 10 துண்டு விழும், இரண்டு வருடத்துக்கு அது 240. மொத்தம் 1090, கிட்டத்தட்ட பதினொரு மாதச் சம்பளம். கையில் இருப்பது ஐந்து மாதச் செலவு, அதாவது 425. மீதி 665-க்கு வழி என்ன? கட்டணத்தை நான் இதில் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதனால் மாற்றி யோசியுங்கள். மாலையிலோ வார இறுதியிலோ படிக்கிற மாதிரி ஒரு வருடப் படிப்பைப் பாருங்கள். அந்த ஒரு வருடமும் உங்கள் சம்பளம் ஏற்கெனவே 75 ஆகிவிட்டது என்று நினைத்துக் குடும்பம் நடத்துங்கள், மீதி 25 சம்பளம் வந்த அன்றைக்கே வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும். தவணை 30 போனால் வீட்டுக்கு 55-க்குப் பதில் 45-தான். கஷ்டம்தான், மூன்றாவது மாதம் இருவருக்கும் எரிச்சல் வரும், ஆனால் புதிய சம்பளத்தில் வாழ முடியுமா என்பது வேலையை விடுவதற்கு முன்பே தெரிந்துவிடும், முடியவில்லை என்றால் நஷ்டம் எதுவும் இல்லை. வருடக் கடைசியில் 300 சேர்ந்திருக்கும், பழைய 425-உடன் 725. இடையில் நான்கு மாதம் வேலை இல்லாமல் போனாலும் அதற்கு 300 போதும். மீதியில் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மிஞ்சுவதை அவசரத்துக்கு வையுங்கள்.

ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாதீர்கள். இன்று அதிலிருந்து 100 எடுத்தால், ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், உங்கள் 60 வயதில் அது 540-க்கு மேல் ஆகியிருக்கும். அவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டிய சான்றிதழ் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. படிப்பு நடத்துபவர்களே கடனும் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னால், வேலை கிடைக்காவிட்டாலும் தவணை ஓடுமா என்று கேளுங்கள். 'வேலை உத்தரவாதம்' என்றால் எந்த நிபந்தனைகளோடு என்பதை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தில் சிரிக்கிறவர்களை விட்டுவிட்டு, போன வருடம் படித்து முடித்த சாதாரண ஆட்கள் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 14 வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதாக நினைக்கிறீர்கள். உங்கள் துறையே டேட்டா துறைதான் சார்! நீங்கள் தினமும் பார்க்கும் கண்ட்ரோல் சார்ட்டை (உற்பத்தி அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று காட்டும் வரைபடம்) வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர் 1924-ல் வரைந்ததே, உற்பத்தியில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் எது, தனிக் காரணத்தால் வந்தது எது என்று எண்களை வைத்துப் பிரித்துப் பார்க்கத்தான். உங்கள் பிரிவில் கடந்த ஒரு வருட ரிஜெக்‌ஷன் விவரத்தை எடுத்து, எந்த மெஷினில், எந்த ஷிஃப்ட்டில், எந்தக் குறை அதிகம் என்று பிரித்து மேலாளருக்கு ஒரே பக்கத்தில் காட்டுங்கள். எக்செல் போதும், எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் கணினி மொழி) அப்புறம் கற்றுக்கொள்ளலாம். இப்படி இரண்டு மூன்று வேலை செய்து வைத்திருந்தால், உற்பத்தி நிறுவனங்களின் டேட்டா பிரிவுக்கு விண்ணப்பிக்கும்போது, படிப்பு மட்டும் கையில் இருக்கும் 23 வயதுப் பையனோடு உங்களை ஒரே தட்டில் வைக்கமாட்டார்கள், சம்பளமும் 75-க்கு இறங்காமல் போகலாம். சொந்த நிறுவனத்திலேயே அப்படி ஒரு பிரிவு இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள், கேட்பதில் செலவில்லை.

ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் இரண்டு வேலைகள் உண்டு. மருத்துவக் காப்பீடு நிறுவனம் தந்தது மட்டும்தான் என்றால், வேலையோடு அதுவும் போய்விடலாம், அதனால் குடும்பத்துக்குத் தனியாக ஒன்றை எடுத்துவிடுங்கள். அடுத்தது வீட்டுக் கடன். இப்போது சம்பளத்தில் 30 சதவீதமாக இருக்கும் தவணை, 75-ல் 40 சதவீதம் ஆகிவிடும். கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பதாக இருந்தால் (மொத்த வட்டி கூடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்) கையில் சம்பளச் சீட்டு இருக்கும்போதே வங்கியில் பேசுங்கள், வேலை இல்லாதவரிடம் அவர்கள் பேசுகிற விதமே வேறு.

மனைவியிடம் "நம்பு" என்று மட்டும் சொல்லாமல், மேலே உள்ள கணக்கை உங்கள் சொந்த எண்களில் போட்டுக் காட்டுங்கள். சேமிப்பு எந்த அளவுக்குக் கீழே போனால் பழைய துறையிலேயே வேலை தேடுவது என்று இருவரும் சேர்ந்து ஒரு எண்ணை முடிவு செய்து, அதையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள்.