கிரஷர் ஆபரேட்டர் வேலை என்றால் பட்டனை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதுதானா?

ஜல்லி கிரஷரில் ஆபரேட்டராகச் சேரலாமா, கேபினில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் போதும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கிரஷர் ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பட்டன் இருப்பது உண்மைதான். ஆனால் எதை முதலில் அழுத்துவது என்பதிலேயே வேலை ஆரம்பித்துவிடும். கல் போகும் திசைக்கு நேர் எதிராக ஸ்டார்ட் செய்ய வேண்டும். கடைசி கன்வேயர் (கல்லைச் சுமந்துபோகும் பெல்ட்) முதலில், அப்புறம் சல்லடை, கோன் (ஜா உடைத்த கல்லை இன்னும் சிறிதாக்கும் கிரஷர்), ஜா (பெரிய கல்லைத் தாடை போல நெருக்கி முதலில் உடைக்கும் கிரஷர்), எல்லாம் முழு வேகம் பிடித்த பிறகுதான் ஃபீடர் (கல்லை உள்ளே தள்ளும் மெஷின்). நிறுத்தும்போது ஃபீடரை முதலில் நிறுத்தி, உள்ளே இருக்கிற கல் முழுக்க வெளியேறியதும் மற்றவற்றை நிறுத்த வேண்டும். வாயில் கல்லோடு நின்றுபோன ஜாவை அப்படியே மறுபடி கிளப்ப முடியாது.

அதன்பிறகு நாள் முழுக்க கவனம் ஃபீடில், அதாவது உள்ளே போகும் கல்லில்தான். லாரி கொட்டியதை எல்லாம் அப்படியே உள்ளே தள்ளுகிறவர் நல்ல ஆபரேட்டர் இல்லை. ஜாவின் வாய் அகலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டிய கல் போனால், கீழே இறங்காமல் குறுக்கே நின்றுகொள்ளும். கோன் கிரஷருக்கு வேறு கணக்கு. அதன் அறை எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கல்லோடு கல் மோதி உடைந்து, ஜல்லி நல்ல கனசதுர வடிவில் விழும். அரைகுறையாகப் போட்டால் தட்டைக் கல் அதிகமாகும், கான்கிரீட் போடுகிறவர்கள் அதை வாங்க மாட்டார்கள். லைனரும் (கிரஷரின் உள்பக்கம் பொருத்திய தேய்மானத் தகடு) ஒரே இடத்தில் தேயும். இதற்கெல்லாம் கண் அம்மீட்டரில் (மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டும் மீட்டர்) இருக்க வேண்டும். ஆம்பியர் ஏறினால் ஃபீடைக் குறைக்க வேண்டும், இறங்கினால் கூட்ட வேண்டும். கொஞ்ச நாள் போனால் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் மாறுவது காதில் விழும். (அந்தக் காதைக் காப்பாற்ற மஃப் (காதை மூடும் உறை) போட வேண்டும். 85 டெசிபலுக்கு மேல் தினமும் 8 மணி நேரம் கேட்டால் செவித்திறன் போகும், கிரஷர் சத்தம் சாதாரணமாகவே அதைத் தாண்டும்.)

இரும்புதான் பெரிய எதிரி. எக்ஸ்கவேட்டர் பக்கெட்டின் பல் உடைந்து கல்லோடு வந்தால், அது முதலில் மாட்டுவது ஜாவில். காந்தம் அதற்குப் பிறகு வரும் பெல்ட்டின் மேல்தான் இருக்கும். அந்த நேரத்தில் டாகிள் பிளேட் (ஜாவின் அசையும் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் தகடு) உடைந்து, ஷாஃப்டையும் பேரிங்கையும் காப்பாற்றும். உடைவதற்கென்றே வைத்த பாகம் அது, அங்கே கனமான தகட்டை வெல்ட் செய்து வைப்பது முட்டாள்தனம். இன்னொன்று, லைனர்கள் மாங்கனீசு எஃகால் ஆனவை. அடி வாங்க வாங்க இறுகும், ஆனால் காந்தத்தில் ஒட்டாது. உடைந்த லைனர் துண்டு கோனுக்குள் போகாமலிருக்க மெட்டல் டிடெக்டர் வேண்டும்.

வேலையில் ஆபத்தான நேரம் எது என்று கேட்டால், மெஷின் ஓடும்போது அல்ல, அடைத்துக்கொண்டு நிற்கும்போது என்பேன். ஆள் உள்ளே எட்டிப் பார்ப்பது அப்போதுதான். கரண்டை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் (மெஷினோடு சுழலும் கனமான சக்கரம்) நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். நெருக்கிப் பிடித்த கல் திடீரென்று விடுபட்டால் எகிறி முகத்தில் அடிக்கும். அதனால் மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கிட்டே போக வேண்டும். கடப்பாரையோடு உள்ளே இறங்கவே கூடாது. கல்லைச் சங்கிலி கட்டித் தூக்கலாம், அல்லது ராக் பிரேக்கரால் உடைக்கலாம். சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

தூசியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமம் இருக்கிறது. நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள் கண்ணுக்கே தெரியாது, அது கொடுக்கும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த வழியில்லை. ஜா வாயிலும் பெல்ட் கொட்டும் இடங்களிலும் தண்ணீர் தெளிப்பான் ஓட வேண்டும். அளவு மீறினாலும் தொல்லைதான், ஈரப்பொடி சல்லடைக் கண்களை அடைத்துவிடும். துணியைக் கட்டிக்கொள்வதால் பலன் இல்லை, முகத்தில் சரியாகப் பொருந்தும் ரெஸ்பிரேட்டர் (தூசியை வடிகட்டும் முகக்கவசம்) வேண்டும்.

சேரலாமா என்றால், சேர்வதற்கு முன் ஒரு மணி நேரம் பிளாண்டைச் சுற்றிப் பாருங்கள். பெல்ட் டிரம்களுக்குக் கார்டு (கை மாட்டாமல் தடுக்கும் காப்பு மூடி) போட்டிருக்கிறதா, தெளிப்பான் ஓடுகிறதா, கேபின் கதவு மூடுகிறதா, மெயின் ஸ்விட்சில் பூட்டு மாட்டத் துளை இருக்கிறதா என்று கவனியுங்கள். இவை இருந்தால் தாராளமாகச் சேரலாம். இல்லையென்றால் வேறு பிளாண்டைத் தேடுங்கள்.