பூடில் கலப்பு நாய்க்குக் கவனிப்பு கூடுதலா?

அன்புள்ள தம்பிக்கு,

குடும்பத்தோடு இங்கு வந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை என்றும், பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்டு நச்சரிக்கிறார்கள் என்றும், உங்கள் மனைவிக்கு ஒவ்வாமை இருப்பதால் லேப்ரடூடில் (லேப்ரடாரும் பூடிலும் கலந்தது), காக்கபூ (காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்தது) போன்ற, சுருள்முடி கொண்ட பூடில் இனத்தின் கலப்பு நாயையே வாங்கும்படி அலுவலகத்தில் பலரும் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். முடி உதிராது, வேலையும் குறைவு என்று ஒருவர் சொல்ல, மற்ற நாய்களைவிட இவற்றுக்குத்தான் பாடு அதிகம் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். யாரை நம்புவது என்பது உங்கள் கேள்வி. பல ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழ்பவன், வீட்டில் ஒரு காக்கபூவை வளர்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முடி அதிகம் உதிராது என்பது பெரும்பாலான கலப்புக் குட்டிகளின் விஷயத்தில் உண்மைதான். ஆனால் வேலை குறைவு என்பது உண்மையல்ல. முடி உதிராததுதான் வேலைக்கே காரணம். லேப்ரடார் போன்ற நாயின் முடி ஓரளவு நீளம் வளர்ந்ததும் நின்றுவிடும், பிறகு தானாகவே உதிர்ந்து சோபாவிலும் சட்டையிலும் ஒட்டும். பூடிலின் சுருள்முடியோ நம் தலைமுடியைப் போல வெட்டும்வரை வளர்ந்துகொண்டே போகும். வேர்விட்டுக் கழன்ற முடியும் தரையில் விழாமல் பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொண்டு உடம்பிலேயே தங்கிவிடும். அதை நாம் சீவி எடுக்காவிட்டால் சிக்கு விழும், சிக்கு சடையாகும். ஆகவே வீட்டைக் கூட்டுவதில் உங்களுக்கு மிச்சமாகும் நேரமெல்லாம் நாயைச் சீவுவதில் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தூய பூடிலைவிடக் கலப்பு நாய் கூடுதலாகச் சோதிப்பதும் உண்டு. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், காக்கர் ஸ்பேனியல் ஆகியவற்றின் உடம்பில் மேல்முடிக்கு அடியில் மெல்லிய உள்முடி ஒன்று இருக்கிறது. அது உதிரும் இயல்புடையது. தாயிடமிருந்து உதிரும் உள்முடியும் தந்தையிடமிருந்து அதைப் பிடித்துவைக்கும் சுருளும் ஒரே குட்டிக்கு வாய்த்துவிட்டால், சிக்கு விழுவதற்கு அதைவிட வசதியான ஏற்பாடு வேறு இல்லை. எந்தக் குட்டிக்கு எது வாய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்வதும் எளிதன்று. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு நெருங்கிய சுருளும், இன்னொன்றுக்கு அலை அலையான முடியும், மற்றொன்றுக்கு லேப்ரடாரைப் போலவே உதிரும் முடியும் அமைவது சாதாரணம். அதனால்தான் கலப்பு நாயைப் பூடிலுடன் மீண்டும் ஒருமுறை இணைத்துக் குட்டி எடுக்கிறார்கள்; அப்போது சுருள்முடி அமையும் வாய்ப்பு கூடுகிறது, கூடவே சீவும் வேலையும் கூடுகிறது.

குட்டியாக இருக்கும்போது இது எதுவும் தெரியாது என்பதுதான் பலரும் ஏமாறும் இடம். பஞ்சு போன்ற குட்டிமுடியை வாரத்துக்கு ஒருமுறை மேலோட்டமாகத் தடவிவிட்டாலே போதுமானதாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டிமுடி கழன்று வளர்ந்த நாயின் முடி முளைக்கும். இரண்டும் கலந்து நிற்கும் அந்த மாதங்களில், நேற்றுச் சீவிய இடத்தில் இன்று முடிச்சு இருக்கும்.

சீவுவது என்றால் மேலாகப் பிரஷ்ஷால் இழுத்துவிடுவதன்று. நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கி, அடியில் தோல் கோடாகத் தெரியும்படி வகிடு எடுத்து, அந்தக் கோட்டை ஒட்டியிருக்கும் முடியை வளைந்த கம்பிப் பற்கள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ்ஷால் சிறிது சிறிதாக வார வேண்டும். ஒரு வரி முடிந்ததும் அதற்கு மேல் அடுத்த வகிடு. கடைசியில் எஃகுச் சீப்பைத் தோல்வரை இறக்கி இழுத்துப் பாருங்கள். பார்வைக்குப் புசுபுசுவென்று அழகாக இருக்கும் நாயின் காதுக்குப் பின்னால் சீப்பு திடீரென்று நின்றுவிடும்; விரலை விட்டால் அடியில் நசுங்கிய கம்பளித் துண்டு போன்ற ஒரு தகடு தோலோடு ஒட்டிக் கிடக்கும். காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, கழுத்துப்பட்டையும் மார்புப்பட்டையும் உரசும் இடங்கள், தொடை இடுக்கு, வால் அடி, கால் விரல்களின் இடை ஆகியவைதான் சடை ஒளிந்துகொள்ளும் இடங்கள். சடை இறுகினால் நாய் நடக்கும்போதெல்லாம் தோலை இழுக்கும். அதனடியில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டுவது நிலைமையை மேலும் மோசமாக்கும், ஏனென்றால் நனைந்து உலரும்போது முடிச்சு இன்னும் இறுகும்.

இதற்கு மேல், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை க்ரூமரிடம் (நாய்களுக்கு முடி வெட்டி அலங்கரிப்பவர்) கொண்டுபோய் முடி வெட்ட வேண்டியிருக்கும். உடம்பெல்லாம் சடையோடு கொண்டுபோனால் அவர் ஒட்ட மழித்துத்தான் அனுப்புவார். அதற்காக அவர்மீது கோபப்படுவோரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் சடையைச் சீப்பால் பிரிக்க முயல்வது நாய்க்குக் கொடுமை என்பதால் அவர் செய்வதுதான் சரி. படங்களில் பார்க்கும் கரடிக்குட்டித் தோற்றம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். அதை விட்டுவிட்டு முடியை ஆண்டு முழுவதும் குட்டையாக வைத்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும் என்பது என் கருத்து. காதையும் மறந்துவிடக் கூடாது. தொங்கும் காதினுள் முடியும் அடர்ந்திருந்தால் காற்றோட்டம் இல்லாமல் தொற்று வரும். எனவே குளித்தபின்னும் நீந்தியபின்னும் காதை உலர வைக்க வேண்டும், நாற்றமோ சொறிதலோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, கலப்பு என்பதால் நோய் வராது என்பதும் தவறு, கலப்பு என்பதால் நோஞ்சான் என்பதும் தவறு. பிரிட்டனின் ராயல் வெட்டினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், காக்கபூ, லேப்ரடூடில், கவபூ (கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலும் பூடிலும் கலந்தது) ஆகியவற்றை அவற்றின் தாய்தந்தை இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டபோது, 86.6 விழுக்காடு ஒப்பீடுகளில் வேறுபாடே தென்படவில்லை. ஆகவே இடுப்பு மூட்டுக் கோளாறு, விழித்திரை நலிவு போன்ற பரம்பரை நோய்களுக்குத் தாய் தந்தை இரண்டையும் சோதித்த சான்றுகளை, தூய இன நாய்க்குக் கேட்பது போலவே இதற்கும் கேளுங்கள்.

உங்கள் மனைவியின் ஒவ்வாமைதான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய விஷயம். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருப்பவை. முடி உதிராத நாயும் நக்கும், அதற்கும் செதில் உதிரும். 2012-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், லேப்ரடூடில், பூடில் முதலான 'ஒவ்வாமை தராத' நாய்களின் முடியில் இருந்த முக்கிய ஒவ்வாமைப் புரதத்தின் அளவு மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை. லேப்ரடூடில் புகழடைந்த கதையும் இதையே காட்டுகிறது: 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பழக்கிவந்த வாலி கான்ரன், கணவருக்கு நாய் ஒவ்வாமை இருந்த ஒரு பார்வைக் குறையுள்ள பெண்ணுக்காக லேப்ரடாரையும் பூடிலையும் இணைத்தபோது பிறந்த மூன்று குட்டிகளில், ஒன்று மட்டுமே அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. எனவே இனத்தின் பெயரை நம்பாமல், வாங்க நினைக்கும் நாயோடு உங்கள் மனைவி பலமுறை, ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் இருந்து பார்க்கட்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இருவரும் வேலைக்குப் போய், பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விட்டால் நாய் பகலெல்லாம் தனியாக இருக்க நேரும். பூடில் நீரில் விழுந்த பறவையை எடுத்துவரப் பழக்கப்பட்ட இனம். லேப்ரடாரும் காக்கரும் வேட்டைக்கு உதவியவையே. மூளையும் சுறுசுறுப்பும் உள்ள அத்தகைய நாய் தனிமையில் குரைக்கும், கதவைப் பிறாண்டும். வாடகை வீடாக இருந்தால் முதலில் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

சீவுவதற்கு நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் இல்லையென்றால் (பிள்ளைகள் கொடுக்கும் வாக்குறுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்), குட்டைமுடி நாயே உங்களுக்குப் பொருத்தம். ஆனால் அது உதிர்க்கும் முடியைச் சகித்துக்கொள்ள வேண்டும். சீவ ஆள் உண்டு என்றால், குட்டியைத் தேடாமல், காப்பகத்தில் இரண்டு வயதைத் தாண்டிய பூடில் கலப்பு நாய் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதற்குள் முடி எப்படிப்பட்டது என்பது தெரிந்திருக்கும், குணமும் பிடிபட்டிருக்கும், உங்கள் மனைவிக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதையும் அங்கேயே பலமுறை போய்ச் சோதித்துப் பார்த்துவிடலாம். போகும்போது ஓர் எஃகுச் சீப்பையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்; அதைக் காதின் பின்னால் இறக்க நாய் அனுமதிக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.