டச்சு விவசாயக் குடும்ப ஓவியங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், 17-ஆம் நூற்றாண்டு விவசாயிகள் ஓவியம் வாங்கும் அளவுக்கு வசதியாகவா இருந்தார்கள்?

வாங்கியவர்களில் பெரும்பாலோர் நகரத்துக்காரர்கள். அதை மனதில் வைத்துத்தான் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். ஹார்லெம் நகரத்து அட்ரியான் வான் ஒஸ்டாடே (1610–1685) தொடக்கத்தில் வரைந்ததெல்லாம் குடித்துவிட்டு அடித்துக்கொள்ளும் விவசாயிகள். நகரத்தார் பார்த்துச் சிரிக்கத் தோதானவை. பிற்பாடு அவர் பார்வையே மாறிவிட்டது. 1653-இல் உலோகத் தகட்டில் அரித்து அச்சிட்ட ஒரு சிறு படத்தில், ஏழைக் குடும்பம் ஒன்று சாப்பிடும் முன் ஜெபம் செய்கிறது. அதில் கேலி துளியும் இல்லை.

கேள்வி: சில படங்களில் குழந்தையின் தலையைச் சுற்றித் தடிமனாக ஏதோ இருக்கிறதே?

சும்மாடு மாதிரி பஞ்சு அடைத்த தொப்பி அது. நடை பழகும் குழந்தை விழுந்தால் மண்டையில் அடிபடாமல் இருக்க. ரெம்பிராண்ட்கூட, நடை பழக்கும் இரண்டு பெண்களின் நடுவே இந்தத் தொப்பியோடு ஒரு குழந்தையை வரைந்திருக்கிறார். அப்புறம், பாவாடை கட்டியிருப்பதெல்லாம் பெண் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். சிறு பையன்களுக்கும் அப்போது அதுதான் உடுப்பு.

கேள்வி: வான் கோவின் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தில் சிறுமியின் முகத்தை ஏன் காட்டவில்லை?

அவர் காரணம் எதுவும் சொன்னதாக நான் படித்ததில்லை. ஆனால் படத்தில் அது செய்யும் வேலை தெரிகிறது. அவள் முதுகுக்கு அந்தப் பக்கம் கிழங்குத் தட்டிலிருந்து ஆவி எழும்ப, மேலே தொங்கும் விளக்கொளியில் அவள் உருவம் கருநிழலாகப் பிரிந்து நிற்கிறது. நாமும் அவள் பின்னால் நின்று அதே மேசையை எட்டிப் பார்க்கிறோம். நூனென் கிராமத்தில் 1885-இல் தெ குரோட் குடும்பத்தை வைத்து வரைந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் விவசாயிகளின் தலைகளை மட்டுமே சுமார் 40 முறை வரைந்து பழகினார். தட்டுக்குள் நீளும் அந்தக் கைகள்தான் மண்ணையும் தோண்டின என்று தம்பி தியோவுக்கு எழுதினார். முகங்கள் அழகாக இல்லை என்பவர்கள் விரல் கணுக்களைப் பார்க்கட்டும்.

கேள்வி: 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யான் ஸ்டேன் படத்தில் அப்பாவே பையனுக்குப் புகைக்குழாய் கொடுக்கிறாரே!

கொடுப்பவர் ஸ்டேனேதான், தன் முகத்தையே வரைந்திருக்கிறார். பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்ற கிண்டல். ஆனால் இது விவசாய வீடு இல்லை, வசதியான குடும்பம்.

கேள்வி: நேரில் பார்க்க?

ஸ்டேன் படம் ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில். வான் கோ படம் ஆம்ஸ்டர்டாமில், அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில். ஒஸ்டாடேவுக்குப் பயணம் தேவையில்லை. ரைக்ஸ்மியூசியம் என்ற ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.