கணவர் இறந்தபின் அம்மா சொத்தைப் பிரிக்கும்போது, இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் உயில் இல்லாவிட்டால்தான் அது தானாக வரும். உயில் என்பது 'என் காலத்துக்குப் பின் இது இன்னாருக்கு' என்று எழுதிவைப்பது.

முதலில் அம்மாவுடையது எது என்று பாருங்கள். அப்பாவின் சுயசம்பாத்திய வீடு, அவர் உயில் எழுதவில்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவர் என எல்லோருக்கும் சமபங்கு, அதனால் அம்மா தன் பங்கை மட்டும்தான் பிரிக்க முடியும், முழு வீட்டையும் அல்ல (பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது).

சரி, அம்மா தன் பங்குக்கு உயில் எழுதாமலே போனால்? பந்தியில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று இலை என்று வையுங்கள். ஒரு மகன் முன்பே இறந்திருந்தால் அவன் இலையை எடுத்துவிடுவதில்லை, அவன் பிள்ளைகள் எத்தனை பேரானாலும் அந்த ஒரே இலையில் பகிர்ந்துகொள்வார்கள். பெற்றவர் வழியாக வரும் பங்கு என்பதால் தலைக்கு ஓர் இலை கிடையாது. அம்மா உயில் எழுதினால் தன் பங்கை யாருக்கும் எப்படியும் கொடுக்கலாம், மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். செட்டில்மென்ட் பத்திரம், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது, அப்படியல்ல, பதிவு செய்து கொடுத்தபின் நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது.

அப்புறம், 'கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, மகளுக்குப் பங்கில்லை' என்பார்கள், சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை.