அடம் தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. சாயங்காலம் ஆனாலே அடம்தான். செல்போனை வாங்கினால் தரையில் விழுந்து புரளுகிறான், பாட்டியை அடிக்கிறான். கத்த ஆரம்பித்துவிட்டால் எதைச் சொன்னாலும் எடுபடுவதில்லை. ஆரம்பிக்கும் முன்பே தடுக்க வழி உண்டா, டாக்டர்?

பதில்: உண்டு அம்மா. கத்தும்போது எந்தக் குழந்தைக்கும் புத்திமதி காதில் ஏறாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைத்தான் நாம் மாற்ற வேண்டும். ஒரு வாரம் குறித்து வையுங்கள்: அடம் பிடித்தபோது மணி என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டான், மதியம் தூங்கினானா, சற்று முன் என்ன நடந்தது.

சாயங்காலம் என்றாலே நான் முதலில் சந்தேகப்படுவது பசியையும் தூக்கத்தையும்தான். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். இரவு பதினொன்றுக்குப் படுத்துக் காலை ஏழுக்கு எழும் பிள்ளை, பகலிலும் தூங்காவிட்டால் மாலையில் சிணுங்கத்தான் செய்வான். பள்ளியிலிருந்து வந்ததும் போனைக் கொடுக்காமல் ஒரு வாழைப்பழமோ இட்லியோ கொடுங்கள். அப்புறம் பத்து நிமிடம் அவன் இஷ்டப்படி அவனோடு விளையாடுங்கள்.

2 முதல் 4 வயது வரை திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது. பாதிப் பாட்டில் போனைப் பிடுங்காதீர்கள். "இந்தப் பாட்டு முடிந்ததும் நீயே பாட்டியிடம் கொடுத்துவிடு. குளிக்க சிவப்பு வாளியா, நீல வாளியா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். அவன் கொடுத்துவிட்டால், "சொன்னதும் கொடுத்துவிட்டாயே, சமர்த்து" என்று அந்த இடத்திலேயே பாராட்டுங்கள்.

அழுதால் ஒரு நாள் கொடுப்பது, ஒரு நாள் மறுப்பது என்பதுதான் பல வீடுகளில் அடத்தை வளர்க்கிறது. இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். எனவே அப்பா, பாட்டி எல்லோரும் ஒரே பேச்சாக இருங்கள். அடி மட்டும் வேண்டவே வேண்டாம். கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதைத்தான் அது கற்றுத்தரும்.

அவன் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வேண்டியதைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் கையால் பேசுவார்கள். பேச்சு குறைவாக இருந்தாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, தன்னையே கடித்துக்கொண்டாலோ, தலையை மோதிக்கொண்டாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். வெளிறித் தெரிந்தால் இரத்தசோகைக்கும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்தாலும் எரிச்சல் வரும்.